இந்த வரி யாரோடது? - ஆராய்ச்சிக்கு நோட்டு எடுக்கறதைப் பத்தி

போன மாசம் தீசிஸோட மூணாவது சாப்டரை என் கைடுகிட்ட குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு கூப்பிட்டாங்க. இருபத்தெட்டு பக்கத்துல ஒரே ஒரு வரிக்கு கீழ மட்டும் பென்சில் கோடு, ஓரத்துல ஒரு கேள்விக்குறி. "இந்த வரி நல்லா இருக்கும்மா, இது யாரோடது? நீ எழுதினதா?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ஏன்னா எனக்கு நிஜமாவே தெரியல. அந்த வரி என் நோட்டுல இருந்துச்சு, என் கையெழுத்துல இருந்துச்சு, மேற்கோள் குறி இல்ல, பக்க எண் இல்ல, நான் யோசிச்சு எழுதினதா எங்கயோ படிச்சு காப்பி பண்ணதா எதுவுமே தெரியல. மேடம் திட்டல, "கண்டுபிடிச்சுட்டு வா"ன்னு மட்டும் சொன்னாங்க. அதைக் கண்டுபிடிக்க மூணு வாரம் ஆச்சு.

ஜூனியர் தம்பி தங்கச்சிங்க நிறைய பேரு நோட்டு எப்படி எடுக்கறதுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். எனக்குத் தெரிஞ்சது என் வேலை மட்டும்தான், அதனால அதை வெச்சே சொல்றேன்.

என் ஆராய்ச்சி 1876-78 மெட்ராஸ் மாகாணப் பஞ்சம் பத்தினது. நம்ம ஊர்ல தாது வருஷப் பஞ்சம்னு சொல்லுவாங்க இல்லையா, அதுதான், அதுலயும் சேலம் ஜில்லா. எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணில இருக்கற ரோஜா முத்தையா நூலகம், அப்புறம் தர்மபுரி ஓமலூர் பக்கம் கிராமங்கள், இந்த மூணு இடத்துக்கும்தான் நாலு வருஷமா அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்.

முதல் வருஷம் நான் நோட்டு எடுத்ததே இல்லைன்னுதான் சொல்லணும். அள்ளினேன், அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் முக்கியமா தெரிஞ்சுது, கை வலிக்க வலிக்க காப்பி பண்ணேன், போட்டோ எடுக்க விட்ட இடத்துல எல்லாம் எடுத்துத் தள்ளினேன். வருஷக் கடைசில போன்ல மூவாயிரத்துக்கும் மேல படம் இருந்துச்சு, எது எந்த கட்டுல இருந்துன்னு தெரியாது. பழுப்பு காகிதம், சாய்வு எழுத்து, எல்லாம் ஒரே மாதிரி. நோட்டுலயும் அதே கதை. "ஜி.ஓ. 348, கூலி பத்தி, முக்கியம்!!"னு ஒரு இடத்துல எழுதியிருக்கேன். அரசாணை எண் வருஷா வருஷம் ஒண்ணுல இருந்து திரும்ப ஆரம்பிக்கும், அதுவும் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி வரிசை, அப்போ துறையும் தேதியும் இல்லாம 348னு மட்டும் இருந்தா அதை வெச்சு என்ன தேடறது? மூணு ஆச்சரியக்குறி போடத் தெரிஞ்ச எனக்கு தேதி போடத் தோணல.

இப்போ நான் முதல்ல செய்யற வேலை இதுதான். கட்டு மேசைக்கு வந்ததும் உள்ளடக்கத்தைத் தொடறதுக்கு முன்னாடி பக்கத்தோட தலைல துறை, எண், தேதி, வால்யூம், பக்கம், நான் எந்த ஊர்ல எந்த நூலகத்துல எந்த நாள் பார்த்தேன், எல்லாத்தையும் எழுதிடுவேன். எழுதி முடிக்கிற வரைக்கும் ஒரு வரி கூட படிக்கமாட்டேன், ஏன்னா படிக்க ஆரம்பிச்சா சுவாரசியம் இழுத்துட்டுப் போயிடும், திரும்பி வரமாட்டோம். போட்டோவும் அப்படித்தான், அனுமதி இருக்கற இடத்துல ஒரு துண்டுச்சீட்டுல இந்த விவரத்தை எழுதி கட்டோட அட்டை மேல வெச்சு முதல் படம் எடுத்துடுவேன், அதுக்கப்புறம் வர்ற படம் எல்லாம் அடுத்த சீட்டு வர்ற வரைக்கும் அந்தக் கட்டோடதுதான். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அன்னிக்கு எடுத்த படத்தை அன்னிக்கே ஃபோல்டர்ல போட்டுப் பேரு வெச்சுடணும், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டா அது மூவாயிரத்துல போய்த்தான் நிக்கும்.

மூலம் எங்கன்னு சொல்லாம விட்டா அடுத்தவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்ங்கறதை நம்ம உ.வே.சா. நல்லா அனுபவிச்சிருக்கார். சீவக சிந்தாமணியை 1887ல பதிப்பிச்சார் இல்லையா, அதுக்கு ஏட்டோட உக்காந்திருந்தப்போ நச்சினார்க்கினியர் உரைல மேற்கோள் வரும், ஆனா எந்த நூல்ல இருந்துன்னு இருக்காது, "என்றார் பிறரும்"னு முடிஞ்சிடும். அந்தப் பிறர் யாருன்னு தேடித்தேடித்தான் அவர் வேற வேற ஏடுகளுக்குள்ள போனார். நச்சினார்க்கினியர் காலத்துல படிச்சவங்களுக்கு அந்த வரி எல்லாம் மனப்பாடமா இருந்திருக்கும், சொல்லத் தேவையில்லைன்னு நெனச்சிருக்கலாம். எனக்கு நான் எழுதின நோட்டே ரெண்டு வருஷத்துல மறந்துபோச்சு. என் முதல் வருஷ நோட்டு பூராவும் "என்றார் பிறரும்"தான்.

இப்போ அந்த வரி விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு மனசுல இருக்கறது. ஒரு நோட்டுப் பக்கத்துல மூணு குரல் கலந்து கெடக்கும். ஆவணம் அப்படியே சொன்ன வார்த்தை ஒண்ணு, அதை நான் சுருக்கி என் வார்த்தைல சொன்னது ஒண்ணு, அதைப் படிச்சப்போ எனக்குத் தோணினது ஒண்ணு. எழுதற நாள்ல மூணும் தனித்தனியாத்தான் தெரியும், கண்ணுக்கு முன்னாடி மூலம் இருக்கே. ஆறு மாசம் போனா மூணும் கரைஞ்சு ஒண்ணாயிடும். அப்போ ரெண்டு ஆபத்து இருக்கு. இன்னொருத்தர் எழுதினதை நம்மளோடதுன்னு நெனச்சு தீசிஸ்ல போட்டுடுவோம், அது திருட்டு, நமக்குத் தெரியாம நடந்தாலும் திருட்டுதான். அதைவிட மோசம் நம்ம ஊகத்தை ஆவணம் சொன்னதுன்னு நம்பிடறது. முதல்லதையாவது சாஃப்ட்வேர் பிடிச்சுக் குடுக்கும். ரெண்டாவதை யாராலயும் பிடிக்க முடியாது.

இப்போ நான் ரூல் நோட்டுல நடுவுல ஒரு கோடு போட்டுக்கறேன். இடது பக்கம் மூலம் மட்டும். அதுலயும் அப்படியே எடுத்ததுக்கு மேற்கோள் குறி கண்டிப்பா, நடுவுல விட்டதுக்கு மூணு புள்ளி, சுருக்கினதுக்கு முன்னாடி "சு"ன்னு ஒரு எழுத்து. வலது பக்கம் பூரா நான், என் சந்தேகம், கோபம், "இதை டிக்பியோட (இந்தப் பஞ்சம் பத்தி அப்பவே புஸ்தகம் எழுதினவர்) ஒப்பிடணும்", "இவன் ஏன் இப்படி மழுப்பறான்" எல்லாம் அங்க. இடதுல நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். லேப்டாப்ல எடுக்கறவங்க ரெண்டு நிறம் வெச்சுக்கலாம், ஆனா வேற ஃபைலுக்கு காப்பி பேஸ்ட் பண்ணும்போது நிறம் சில சமயம் காணாம போயிடும், அதனால நிறத்தை மட்டும் நம்பாம "நான்:"னு எழுத்துலயும் போட்டுடுங்க.

என் வரிக்கு என்ன ஆச்சுன்னா, அது நிவாரண வேலைக் கூலி பத்தினது. 1877 ஆரம்பத்துல இந்திய அரசாங்கம் அனுப்பின அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து கூலியைக் குறைச்சார், ஒரு ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும், அரைக் கிலோவுக்கும் கம்மியான தானியம், அதை வெச்சுக்கிட்டு மண்ணு வெட்டணும். மெட்ராஸ் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது உடம்புக்குப் பத்தாதுன்னு கடுமையா எதிர்த்து எழுதினார். இந்த சண்டையை நான் மூணு நாலு இடத்துல படிச்சிருக்கேன், காப்பகத்துல, டிக்பி 1878ல ரெண்டு வால்யூமா எழுதின புஸ்தகத்துல, அப்புறம் 1880 பஞ்சக் கமிஷன் அறிக்கைல. எல்லாத்தையும் திரும்ப உக்காந்து புரட்டினேன். கடைசில பார்த்தா வரியோட முதல் பாதி ஒரு அச்சு அறிக்கைல இருந்து கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை எடுத்தது, ரெண்டாவது பாதி என்னோடது. அந்த அறிக்கையை எழுதின அதிகாரி சொல்லாத ஒண்ணை அவர் வாய்ல வெச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. செத்துப்போனவங்க பத்தி எழுதறோம், அவங்க எப்படி செத்தாங்கன்னு சொல்றோம், அதுல நம்ம கற்பனை அரை வரி கலந்தா கூட அது அவங்களுக்கு செய்யற அநியாயம்னுதான் நான் நெனக்கறேன்.

அடுத்தது தேதி. என் நோட்டுல ஒரு இடத்துல "1286ல மோசம்"னு இருக்கு. ஹிஜ்ரியா, கொல்லமான்னு யாராவது கேக்கலாம், இது பசலி. ரெவின்யூ ரெக்கார்டு எல்லாம் பசலிலதான் ஓடும், அதோட 590 கூட்டினா ஆங்கில ஆண்டு, ஆனா ஜூலைல ஆரம்பிச்சு ஜூன்ல முடியும். அப்போ பசலி 1286ன்னா 1876 ஜூலைல இருந்து 1877 ஜூன் வரைக்கும். தாது வருஷம்னா 1876 சித்திரைல இருந்து 1877 பங்குனி வரைக்கும். ரெண்டும் ஒரே "1876" மாதிரி தோணும், ஆனா மூணு மாசம் தள்ளி நிக்குது. இது சின்ன விஷயம் இல்லைங்க. 1877 ஆகஸ்ட்ல நடந்தது தமிழ்க் கணக்குல ஈஸ்வர வருஷம், பசலில 1287. பஞ்சத்தோட பேரு தாதுவா இருந்தாலும் பஞ்சம் தாதுவோட முடியல. இதைக் கவனிக்காம நான் ஒரு அட்டவணைல விலையை ஒரு வருஷக் கணக்குலயும் சாவை இன்னொரு வருஷக் கணக்குலயும் போட்டு, விலை ஏறின உடனே சாவு ஏறினதா ஒரு பக்கம் எழுதி வெச்சிருந்தேன், அவ்வளவையும் அடிக்க வேண்டியதாச்சு. அதுவும் இல்லாம அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு திரும்ப வரும், 1936-37ம் தாதுதான், பழைய பத்திரிகைலயோ பாட்டுப் புஸ்தகத்துலயோ வருஷப் பேரை மட்டும் போட்டிருந்தா எந்த தாதுன்னு பக்கத்துல இருக்கற சேதியை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். எப்படி முடிவு பண்ணேன்ங்கறதையும் வலது பக்கத்துல எழுதி வெக்கறேன். ஆவணத்துல இருக்கற தேதியை அப்படியே இடதுல, மாத்தின கணக்கை வலதுல. மூலத்தை ஒருநாளும் திருத்தக்கூடாது.

அளவும் இதே மாதிரிதான். விலை ரூபாய்க்கு எத்தனை சேர்னு (சேர், தோலா எல்லாம் பழைய எடை அளவு) இருக்கும், அப்போ எண் குறைஞ்சா விலை ஏறுதுன்னு அர்த்தம், அவசரத்துல தலைகீழா படிச்சிடுவோம். சேர்லயும் மெட்ராஸ் சேர் 24 தோலா, அரசாங்கத்தோட பெரிய சேர் 80 தோலா. எந்த சேர்னு எழுதலைன்னா அந்த எண்ணை தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஊர்ப் பேரு தேடறதுல நான் பட்ட பாடு தனி. கம்ப்யூட்டர்ல நோட்டு இருந்தா தேடிக்கலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் ஒரு நாள் செங்கல்பட்டுன்னு தேடினேன், நாலு இடம் வந்துச்சு, எனக்கு நல்லாத் தெரியும் இருபதுக்கு மேல இருக்குன்னு. பார்த்தா சில இடத்துல செங்கற்பட்டு, சில இடத்துல ஆவணத்துல இருந்த மாதிரியே சிங்கல்புட், ஒரு இடத்துல வெறும் செ.பட்டு. இப்போ ஒரு தனிப் பக்கத்துல ஊர்ப் பேரு எல்லாம் வரிசையா, பழைய இங்கிலீஷ் வடிவம், இன்னிக்கு நாம எழுதற வடிவம், தாலுகா எல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன், ஒவ்வொரு குறிப்போட கடைசிலயும் இன்னிக்கு இருக்கற பேரை ஒரு தடவை கண்டிப்பா போட்டுடறேன். பழைய தமிழ் அச்சை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தற சாஃப்ட்வேரையும் ரொம்ப நம்பாதீங்க, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி இருந்த ணா, றா, னா, அந்தத் தும்பிக்கை வெச்ச லை, னை எல்லாம் வந்தா அது தடுமாறிடும். கையால ஒரு தடவை சரிபார்க்கணும்.

பேனாவா லேப்டாப்பான்னு எல்லாரும் கேக்கறாங்க. 2014ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, கையால எழுதறவங்களுக்குத்தான் விஷயம் நல்லாப் புரியுதுன்னு, அது எல்லா இடத்துலயும் பரவிச்சு. 2019ல வேற ஆளுங்க திரும்ப செஞ்சு பார்த்தப்போ அவ்வளவு தெளிவா வரல. எனக்கு காப்பகத்துல பென்சிலும் நோட்டும்தான் சரிப்படுது, பழைய காகிதம் பக்கத்துல பேனா மை வேணாம், அப்புறம் கைக்கு வேகம் இல்லாததால எது வேணும் எது வேணாம்னு அங்கயே முடிவு பண்ண வேண்டியிருக்கு. அச்சுப் புஸ்தகத்துக்கு லேப்டாப், சோட்டெரோங்கற நூல் குறிப்பு சாஃப்ட்வேர்ல போட்டு வெச்சுக்கறேன், இலவசம், பக்க எண்ணோட குறிப்பு நிக்கும். உங்களுக்கு எது ஒத்து வருதோ அது. சனிக்கிழமை சனிக்கிழமை கைநோட்டு எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்குலயும் ஆன்லைன்லயும் போட்டுடறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல தரைத்தளத்துல குடியிருந்த ஒரு சீனியர் அக்காவோட நோட்டு எல்லாம் ஊறிப்போச்சு, அவங்க அதை மொட்டை மாடில பக்கம் பக்கமா காய வெச்சதைக் கூட இருந்து பார்த்திருக்கேன்.

ஜெர்மனில நிக்லஸ் லூமன்னு ஒரு சமூகவியல் பேராசிரியர், சுமார் 90,000 சீட்டு எழுதி பெட்டி பெட்டியா வெச்சு ஒண்ணுக்கொண்ணு எண் குடுத்து இணைச்சாராம், இப்போ யூடியூப்ல பாதிப் பேர் அதைத்தான் சொல்லித் தர்றாங்க. நான் ஆறு மாசம் முயற்சி பண்ணேன். கருத்தை வெச்சு யோசிக்கறவங்களுக்கு அது பிரமாதமா இருக்கலாம், கட்டு கட்டா ஆவணம் பார்க்கற எனக்கு சீட்டை இணைக்கறதே முழுநேர வேலை ஆயிடுச்சு. ஒரு சீட்டுல ஒரு விஷயம்ங்கறதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

டார்வின் சொன்னது ஒண்ணுதான் எனக்கு ரொம்பப் பயன்பட்டது. தன்னோட முடிவுக்கு எதிரா ஏதாவது கண்ணுல பட்டா தவறாம உடனே எழுதி வெச்சுக்குவாராம், ஏன்னா சாதகமானதை விட பாதகமானதுதான் மனசுல இருந்து சீக்கிரம் நழுவிடும்னு அவரே சுயசரிதைல எழுதியிருக்கார். நான் ஆரம்பத்துல ரயில் போன பகுதிகள்ல பஞ்சம் கம்மியா இருந்திருக்கும், தானியம் வந்து சேர்ந்திருக்குமேன்னு ஒரு எண்ணத்தோட போனேன். என் நோட்டும் அதுக்கு ஏத்த மாதிரியே நெறஞ்சுச்சு, ரயில்ல அரிசி மூட்டை வந்த சேதி எல்லாம் பக்கம் பக்கமா இருக்கு. ஆனா சேலம் ஜில்லா வழியா 1860கள்லயே ரயில் ஓடிச்சு, இருந்தும் மோசமா அடிபட்ட ஜில்லாக்கள்ல அதுவும் ஒண்ணு, 1871 கணக்கோட 1881 கணக்கை வெச்சுப் பார்த்தாலே ஜனத்தொகை எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரியும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல, பல தடவை கண்ணுல பட்டிருக்கு, ஆனா நோட்டுல ஒரு வரி இல்ல. மூட்டை வந்துச்சுன்னா வாங்க காசு இருந்துச்சான்னு கேக்கவே இல்ல நான். இப்போ நோட்டோட கடைசிப் பக்கங்களை "எதிர்"னு தலைப்பு போட்டு ஒதுக்கி வெச்சிருக்கேன், என் வாதத்துக்கு ஒத்துவராதது எது கிடைச்சாலும் அங்க போயிடும், சாப்டர் எழுத உக்காரும்போது அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல தெறக்கறேன்.

கடைசியா கிராமத்துல எடுத்த நோட்டு. தர்மபுரி பக்கம் ஒரு பாட்டி, தொண்ணூறு தாண்டினவங்க, அவங்க பாட்டிகிட்ட கேட்ட கதையை எனக்கு சொன்னாங்க. அனுமதி கேட்டு போன்ல பதிவு பண்ணேன், கூடவே நோட்டுலயும் எழுதினேன். பேசினவங்க பேச்சை அன்னிக்கு ராத்திரியே உக்காந்து விரிச்சு எழுதிடணும், மறுநாள் அவங்க முகபாவம், எந்த இடத்துல நிறுத்தினாங்க, பக்கத்துல இருந்த மருமகள் எதுல குறுக்க பேசினாங்க, எல்லாம் போயிடும், பதிவுல குரல் மட்டும்தான் மிஞ்சும். அதை ஒழுங்கா செஞ்சேன். ஆனா ஒரு தப்பு பண்ணேன். அவங்க பேச்சை நான் எழுதும்போதே என்னை அறியாம படிச்ச தமிழா மாத்திக்கிட்டே போயிருக்கேன். "பஞ்சத்தில் கற்றாழைக் கிழங்கை வேகவைத்து உண்டனர்"னு என் நோட்டுல இருக்கு. பாட்டி எங்க "உண்டனர்"னு சொன்னாங்க?

வரியைத் தேடின அந்த மூணு வாரத்துல எல்லா நோட்டையும் மூலத்தோட ஒப்பிட்டேன் இல்லையா, அப்போ அந்தப் பதிவையும் திரும்பக் கேட்டேன். பதினேழாவது நிமிஷத்துல பாட்டி சொல்றாங்க, "ரயில் கத்தாழக் கெழங்க வேகப்போட்டு தின்னாங்களாம் கண்ணு." ரயில் கத்தாழை. தண்டவாளத்து ஓரம் வேலி மாதிரி நிக்குமே, அந்தப் பெரிய கத்தாழைக்கு எங்க பக்கம் அப்படித்தான் பேரு. நாலு வருஷமா ரயிலும் பஞ்சமும்னு தேடிக்கிட்டு இருக்கேன், அந்த வார்த்தை என் காதுல விழுந்து கை வரைக்கும் வராம போயிருக்கு. பாட்டி போன தை மாசம் இறந்துட்டாங்க, திரும்பப் போய் கேக்க முடியாது.

இப்போ அந்தப் பக்கத்துல இடதுல நான் எழுதின வாக்கியத்தை ஒரே கோட்டுல அடிச்சிருக்கேன், அழிக்கல, கீழ பாட்டி சொன்னதை சொன்ன மாதிரியே, நிமிஷத்தோட. வலது பக்கம்: "நான்: இந்தப் பேரு அவங்க பாட்டி சொன்னதா, இல்ல இவங்க காலத்துப் பேரா? 1877ல இந்தச் செடி இந்தப் பக்கம் இருந்துச்சா? லைன் ஓரத்துல எப்போ நட்டாங்க?" திங்கக்கிழமை தாவரவியல் டிபார்ட்மென்ட்ல ஒருத்தரைப் பார்க்கறதா இருக்கேன், அதுக்கப்புறம் எழும்பூர்ல ரயில்வே சம்பந்தப்பட்ட கட்டு கேட்டு சீட்டு எழுதணும்.